மட்டக்கம்பும் அடிவானமும்

ஜூலை 15, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கொட்டகலை பஜார் முழுக்கக் குடை. கடையில் போட்டோகொப்பி மெஷின் இரண்டு தடவை பேப்பரைக் கடித்தது. முதலாளி மெஷினை முறைக்கவில்லை, என்னை முறைத்தார்.

சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள். இரத்மலானை. விமானப் பயிற்சிப் பள்ளி. மலையகப் பெண் பிள்ளைகளுக்கு ஒரே ஓர் இலவச இடம். ஆறு வாரம் வகுப்பு, அதன் பிறகு பத்து மணி நேரம் நிஜ விமானத்தில். தேர்வுக்குக் கூப்பிட்டிருப்பது ஒன்பது பேரை. அதில் நானும் தர்ஷியும்.

தர்ஷியும் நானும் ஏ.எல். பரீட்சை வரை ஒரே வாங்கு. இப்போது அவள் கொழுந்து எடுக்கிறாள், நான் கொப்பி எடுக்கிறேன். அவள் அப்பாவுக்கு நெஞ்சு நோய் வந்ததும் பரீட்சை முடிந்த மறுவாரமே பெரட்டில், காலையில் தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில், பேர் கொடுத்துவிட்டாள்.

விளம்பரத்தை முதலில் பார்த்தவளும் அவள்தான். ரொட்டி சுற்றி வந்த பேப்பர், எண்ணெய்க் கறையோடு. கடைக்குக் கொண்டுவந்து நீட்டினாள். "ரெண்டு கொப்பி எடுடி நிரோ. ஒனக்கு ஒண்ணு." அவளாகச் சொன்னது. எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது.

பள்ளிக்காரர்கள் அனுப்பிய புத்தகம் ஆங்கிலத்தில். பரீட்சை மூன்று மொழியிலும் எழுதலாமாம். ஆகவே நான் தமிழில் நோட்ஸ் எழுதுகிறேன். எனக்கு ஒரு பிரதி, அவளுக்கு ஒரு பிரதி. இன்றைக்கு எழுதியது: நாலு விசை. எடை, கீழே இழுப்பது. தூக்கு விசை, சிறகு தருவது. உந்துவிசை, எஞ்சின் தருவது. இழுவை, காற்று பின்னால் பிடித்து வைப்பது. ஒரே உயரத்தில் ஒரே வேகத்தில் போகும்போது மேலும் கீழும் சமம், முன்னும் பின்னும் சமம்.

அதைப் படித்துவிட்டு வொய்ஸ் அனுப்பியிருக்கிறாள். "வெளங்கிருச்சுடி. எடைன்னா கொழுந்து கூட. தூக்கு விசைன்னா என் கழுத்து. உந்துவிசை கங்காணி. இழுவை வந்து அட்ட, கால்ல ஏறினா எங்க நகர விடுது?" கடையில் நின்றுகொண்டே சிரித்தேன். முதலாளி மறுபடி முறைத்தார்.

பிறகு எழுதியது: மட்டப் பறப்பு. எப்படி விளக்குவது என்று அரை மணி நேரம் பேனாவைக் கடித்தேன். திடீரென்று வந்தது. கணக்கப்பிள்ளை வேலை பார்க்கும் அப்பா, கொழுந்து எடுப்பவர்களைப் பார்த்து மலையில் நாள் முழுக்கக் கத்துவது. "மட்டக்கம்ப வச்சு எடுங்க!" செடி மேல் நீளக் கம்பைப் படுக்க வைத்து, அதற்கு மேலே நீட்டியிருக்கும் கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும். எழுதினேன்: "தேயிலை மேல் மட்டக்கம்பு கிடப்பதுபோல் இரண்டு சிறகும் மட்டமாக இருக்க வேண்டும். வெளியே பார்த்து ஓட்டு. கருவியை இடையிடையே பார்."

எனக்கே பெருமையாக இருந்தது. புத்தகத்தில்கூட இப்படி இல்லை.

ஜூலை 16, புதன்

மழை விட்டு விட்டு. தொண்டை கரகரப்பு. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன்.

போனில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. என் போனில் ஓடும், தர்ஷியின் போனில் ஓடாது, கண்ணாடியும் வெடிப்பு. அதில் பழகத் தருகிறாயா என்று இரண்டு தடவை கேட்டாள். ஒரு தடவை பத்து நிமிடம் கொடுத்தேன். அடுத்த தடவை சார்ஜ் இல்லை என்றேன். சார்ஜ் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? சும்மாதான். எனக்கும் பழக வேண்டும் இல்லையா.

வானொலி எழுத்துகள் பாடம். அல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா. அம்மா சமையலறையிலிருந்து: "என்னா, யாரையோ ஏசுற?"

ஜூலை 17, வியாழன்

கரண்ட் இல்லை. கடையைப் பகல் பன்னிரண்டுக்கே மூடிவிட்டார்கள். புதிய பக்கங்களைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு தர்ஷிக்குக் கொடுக்க ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன். இருபத்து மூன்று வருஷம் இந்தத் தோட்டத்தில் இருக்கிறேன், கொழுந்து மலைக்குள் இவ்வளவு தூரம் போனதில்லை. கணக்கப்பிள்ளை மகள். குவாட்டர்ஸ் வாசலிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை.

பனி மூடியிருந்தது. தர்ஷி இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, தலையில் கூடைக் கயிறு. என்னைக் கண்டதும் மட்டக்கம்பை எடுத்துச் செடி மேல் வைத்தாள். "இந்தா பாருடி, ஒன் நோட்டு! நீ எழுதினத படிச்சதுல இருந்து கம்ப வைக்கிறப்பயெல்லாம் செறகு ஞாபகம்தான்."

பிறகு இரண்டு கையையும் விரித்தாள். மலை ஏறும் பக்கத்துக் கை மேலே, இறங்கும் பக்கத்துக் கை கீழே. கம்பு எப்படிக் கிடந்ததோ அப்படியே. "இப்புடித்தானே பறக்கணும்?"

பக்கத்து நிரையில் நின்ற அக்கா, "ஏய், கூடைய எறக்கி வச்சுட்டு பறந்துருடி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மழை திரும்பவும் ஆரம்பித்தது. நான் "ம்" என்றேன்.

"ம்" என்றுதான் சொன்னேன். அப்போது எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சத்தியமாக.

ஃபெக்டரி முடக்கு வளைவு வரை இறங்கி வந்த பிறகுதான் கால் நின்றது. கம்பு சாய்ந்து கிடந்தது. மலை எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அப்படியே. செடியை வெட்டுவது அப்படித்தான், கொழுந்து எடுப்பது அப்படித்தான். கொழுந்து எடுக்கிறவர்களுக்கு மட்டம் என்றால் மலையோடு மட்டம். நான் மேசைப் பலகை மாதிரி நேராகக் கிடக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறேன். கம்பைத் தொட்டே பார்க்காதவள் கம்பை வைத்து உதாரணம் சொன்னால் இப்படித்தான்.

விமானத்துக்கு மட்டம் என்றால் அடிவானத்தோடு மட்டம். வானமும் பூமியும் தொடுகிற கோடு. எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது அந்தக் கோடு? எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை. தர்ஷி கடலே பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்தேன். அதிலேயே எச்சரிக்கை இருக்கிறது: மலைப் பக்கம் பறக்கும்போது சரிவைப் பார்த்து அடிவானம் என்று கண் ஏமாறும். இந்தப் பத்தியை விட்டுவிட்டேன், நீளமாக இருக்கிறது என்று.

என் பிரதியில் சிவப்புப் பேனாவால் திருத்தினேன். "மட்டம் = அடிவானத்தோடு. மலைச் சரிவோடு அல்ல!!"

அவள் பிரதி அவளிடம் இருக்கிறது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 18, வெள்ளி

மேகம். மழை இல்லை.

நாளைக்கு எடுத்துப்போக: அடையாள அட்டை, ஏ.எல். சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், இரண்டு நீலப் பேனா, பஸ்ஸில் குமட்டினால் புளிப்பு மிட்டாய், தண்ணீர், குடை.

சாப்பாட்டு நேரத்தில் தர்ஷி போன். மலையிலிருந்து. காற்று இரைச்சல்.

"ஸ்டோல்னா எஞ்சின் நிக்கிறதா?"

"இல்லடி. எஞ்சின் ஓடிக்கிட்டேதான் இருக்கும். மூக்க ரொம்ப தூக்கினா காத்து செறகுல ஒட்டாம பிரிஞ்சுரும். தூக்கு விசை போயிரும்."

"அப்ப என்னா செய்யணும்?"

"மூக்க கீழ எறக்கணும். காத்து திரும்ப ஒட்டும்."

"கீழ உழுவுறப்ப மூக்கையும் கீழ எறக்கணுமா? நல்ல பொழப்புடி இது." சிரித்தாள். பிறகு, "வேற எதாச்சும் முக்கியமா இருக்கா? நான் பாக்காம விட்டது?"

"இல்ல. சீக்கிரம் தூங்கு."

போனை வைத்துவிட்டேன். சாதாரணமாகத்தான் இருந்தது. கத்தரிக்காய்க் கறி நன்றாக இருந்தது என்றுகூட அம்மாவிடம் சொன்னேன்.

யோசித்து வைத்திருக்கும் சாக்குகள்: அந்தக் கேள்வி வராது. வந்தாலும் அவளுக்குத் தானாக விளங்கும். இப்போது சொன்னால் குழம்பிவிடுவாள். அவள் போன் பாலன்ஸ் முடியும். பஸ்ஸில் சொல்லலாம். ஐந்து மணி நேரம் இருக்கிறதே பஸ்ஸில்.

கடைசிச் சாக்கு மட்டும் சாக்கு இல்லை: ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. உடம்பு அடித்துப் போட்டது போல். வெயில். அம்மா மெத்தைகளை வெளியே போட்டிருக்கிறார்.

முதல் பஸ்ஸில் போனோம். தர்ஷி ஜன்னல் பக்கத்தை எனக்குக் கொடுத்தாள், எனக்குக் குமட்டும் என்று. கினிகத்தேனை வளைவுகள் ஆரம்பித்ததும் தலை சுற்றியது. அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அவிசாவளை வரை. எழும்பினபோது அவள் நோட்ஸை மடியில் வைத்து, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். என் கையெழுத்து. என் மட்டக்கம்பு. "மூணாவது தடவ படிச்சிட்டேன்டி" என்றாள்.

சொல்லியிருக்கலாம். அப்போதும் இரண்டு மணி நேரம் இருந்தது. புளிப்பு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

எழுத்துப் பரீட்சை லேசு. இருவருக்கும். பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். பெரிய திரை, ஸ்டியரிங் மாதிரி ஒன்று, காலுக்கு இரண்டு மிதிபலகை. தேர்வு வைத்தவர் ஒரு பெண் கப்டன், சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுகிறார். திரையில் வலப்பக்கம் பச்சை மலை ஏறிப்போகிறது. மலையோரமாக இரண்டு நிமிடம் நேராக, மட்டமாக ஓட்ட வேண்டும். அவ்வளவுதான்.

மலையைப் பார்த்ததும் பயந்தேன். எனக்காக அல்ல. நான் விமான மூக்குக்கு நேரே, மலைக்கு இடப்பக்கம் தெரிந்த துண்டு அடிவானத்தைப் பிடித்துக்கொண்டேன், நடுநடுவே கருவியைப் பார்த்தேன், இரண்டு நிமிடமும் ஆடாமல் போனேன். "ஹொந்தாய்" என்றார் கப்டன். நன்று என்று.

எனக்கு அடுத்தது தர்ஷி. கதவு கண்ணாடி. வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் தெரிந்தது. அவள் கை என் கையை விட நிதானம். கொழுந்து எடுக்கிற கை. ஆனால் வலச் சிறகு மேலே, இடச் சிறகு கீழே. மலை எப்படிச் சாய்ந்ததோ அப்படியே, ஒரு நூல் பிசகாமல். விமானம் மெல்ல மெல்ல இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போனது. கப்டன் குனிந்து ஏதோ கேட்டார். தர்ஷி உறுதியாகத் தலையாட்டினாள். கேட்டது என்ன என்று பிறகு சொன்னாள்: "மட்டமாத்தான் இருக்கீங்களா?" இவள் சொன்னது: "ஆமா மிஸ், மட்டம்தான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் கடல் பார்க்க வேண்டும் என்றாள். கல்கிசைக்கு நடந்தே போனோம். தண்டவாளத்தைத் தாண்டினதும் கடல். தர்ஷி நின்ற இடத்திலேயே நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை, ஓடவில்லை. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நிரோ, இந்தக் கோடுதானா அது?"

"எது?"

"மட்டம்." கையை விரித்தாள். இரண்டு கையும் இந்தத் தடவை ஒரே உயரத்தில். "அடச்சே. இதத்தான்டி அந்த மிஸ் கேட்டிருக்காங்க. நான் லூசு மாதிரி மலையோட சாச்சு ஓட்டிப்புட்டேன்." சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண் கலங்கினாள். "நீ சரியாத்தான் எழுதியிருப்ப. நான்தான் தோட்டத்து மட்டத்த நெனச்சுட்டேன். வேல புத்தி."

நான் அவளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். இவ்வளவுதான் என் யோக்கியதை.

ஜூலை 23, புதன்

தூறல். கடையில் கூட்டம், யாருக்கோ காணிப் பத்திரம் நாற்பது பக்கம்.

பகல் இரண்டு மணிக்குப் போன். கப்டன். இடம் எனக்கு. ஆகஸ்ட் முதலாம் திகதி வெள்ளி காலை வகுப்பு ஆரம்பம். திங்கட்கிழமைக்குள் வருகிறேன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடம் இரண்டாவது பெயருக்குப் போகும்.

"ரெண்டாவது யாரு மிஸ்?" கேட்டிருக்கக் கூடாது.

"உங்க பிரெண்ட்தான். எழுத்துல உங்களைவிட அவங்க கூட. மலைப் பக்கம் ஓட்டினதுலதான் போச்சு."

அப்பா இரண்டு கையையும் தூக்கி சாமி படத்தைக் கும்பிட்டார். உடனே தோட்டத்துத் தொரையிடம் சொல்ல பங்களாவுக்குப் போய்விட்டார். அம்மா கேசரி கிண்டினார். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். சந்தோஷத்தில் பிள்ளைக்குப் பசி இல்லை என்று அம்மா தானாகவே முடிவு செய்துகொண்டார்.

ஜூலை 25, வெள்ளி

மழை. சளி.

தர்ஷி கடைக்கு வந்தாள். வேலை முடித்து, ஈரத் தலையோடு. கையில் வாழையிலைத் துண்டில் திருநீறு, குங்குமம். மாரியம்மன் கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை. என் நட்சத்திரம் அவளுக்கு மனப்பாடம். அவளே என் நெற்றியில் பூசிவிட்டாள். முதலாளியிடம், "எங்க தோட்டத்து புள்ள பைலட்டு ஆகப்போவுதுங்க, இனிமே மொறைக்காதீங்க" என்றாள். முதலாளி முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஒனக்கு பொறாமையே இல்லையாடி?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"இல்லாம? ரெண்டு நாளு சோறு எறங்கல எனக்கு. ஆனா தப்பு செஞ்சது நானு. ஒன்மேல கோவிச்சு என்னா ஆகப்போவுது?"

அவள் போன பிறகு பின்பக்கம் பேப்பர்க் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெற்றியிலிருந்த திருநீற்றைத் துடைக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி, நல்ல வெயில். தர்ஷி லய வீட்டுக்குக் கீழே, தண்ணீர் கொட்டும் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. அவள் அம்மா மேலேயிருந்து, "வாங்க நிரோ புள்ள, டீ ஊத்தவா?" என்றார். வேண்டாம் என்றேன். பீலித் தண்ணீர் இரைச்சலில் மெதுவாகச் சொன்னால் கேட்காது. ஆகவே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. இப்படி ஒரு விஷயத்தைக் கத்திச் சொல்வது எவ்வளவு கேவலம்.

நோட்டில் பிழை என்னுடையது என்றேன். மட்டக்கம்பு உதாரணமே பிழை என்றேன்.

"அதனால என்னாடி? நீ கம்ப பாத்ததே இல்ல. எழுதுறப்ப ஒனக்கு எப்புடி தெரியும்?"

"பொறவு தெரிஞ்சுச்சு."

துணியை முறுக்கிக்கொண்டிருந்தாள். "எப்ப?"

"வியாழக்கெழம. மலைக்கு வந்தேன்ல. கீழ எறங்குறப்ப."

முறுக்குவதை நிறுத்தவில்லை. தண்ணீர் சொட்டி முடிந்தும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நான் கைய விரிச்சு கேட்டேன். இப்புடித்தானேன்னு."

"கேட்ட."

"வெள்ளிக்கெழம போன்ல கேட்டேன். வேற எதாச்சும் இருக்கான்னு."

"கேட்ட."

"பஸ்ல என் தோள்ல தூங்கிக்கிட்டு வந்தியேடி." இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ஒனக்கு முழிப்பு வந்துரும்னு அவிசாவள வரைக்கும் நான் தோள அசைக்கல."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். மன்னிப்பு, ஒரே இடம், பயம், இப்படி ஏதோ. கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இப்ப எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற?"

"நீ சொல்லு தர்ஷி. நான் போகவா வேணாமா?"

"நல்லா இருக்குடி! செய்யிறதையும் செஞ்சிட்டு, போன்னு நான் சொல்லணும், நீ நிம்மதியா போவணும். போகாதன்னு சொன்னா நான் கெட்டவ. அத நான் சொல்ல மாட்டேன். ஒன் வாயி, ஒன் போன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினாள். பாதியில் ஒரு துணி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், என்னைப் பார்க்காமல்.

ஜூலை 28, திங்கள்

காற்று. பஜாரில் தகரம் ஒன்று பறந்து போனது.

காலை 9.20க்கு கப்டனுக்குப் போன் செய்தேன். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். காரணம் கேட்டார். வீட்டில் பிரச்சினை என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன், அதுவும் ஒரு பொய்யாகிவிடுமே என்று உள்ளதைச் சொன்னேன். சிங்களம் பாதி, தமிழ் பாதி. அவர் முழுதையும் கேட்டார். பிறகு: "விமானத்துல ரெண்டு பேர் இருப்பாங்க தங்கச்சி. ஒருத்தர் கண்ட பிழைய மற்றவருக்குச் சொல்லணும். அதுதான் முதல் பாடம்." திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தர்ஷினிக்கு இன்றைக்கே பேசுகிறேன், முதல் நாளே பாடத்தில் கேள்வி கேட்பேன், ஆயத்தமாக வரச் சொல்கிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

அப்பா: "பைத்தியமா ஒனக்கு? தொரைகிட்ட சொல்லிப்புட்டேன்டி!" சாப்பிடாமல் மலைக்குப் போய்விட்டார்.

அம்மா நெடுநேரம் கழித்து, அரிசி களைந்துகொண்டே: "நீயா போயி சொல்லலன்னா யாருக்கு தெரிஞ்சிருக்கும்?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

யாருக்கும் தெரிந்திருக்காது. அதைத்தான் நாலு நாளாக நானும் எண்ணிப் பார்த்தேன்.

இடத்தைக் கொடுத்துவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று உள்ளே ஒருத்தி கையைத் தட்டிக்கொள்கிறாள். அவள் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போல் இருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

வெயிலும் மழையும் ஒன்றாக. கடையில் மெஷின் ஒழுங்காக ஓடியது.

நாலரைக்கு தர்ஷி. உள்ளே வரவில்லை. கவுண்டருக்கு வெளியே நின்றாள், வாடிக்கையாளர் மாதிரி.

"வியாழக்கெழம போறேன். ஏழு பத்து பஸ்ஸு."

"சரி."

"திருத்தின நோட்ட குடு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மட்டப் பறப்புப் பக்கத்தைத் திருப்பினாள். சிவப்பு எழுத்தைப் படித்தாள். பக்கத்தின் மூலையில் நான் போட்டிருந்த திகதியையும் படித்தாள். 17. எப்போதும் திகதி போடும் பழக்கம் எனக்கு, பாழாய்ப் போன பழக்கம்.

"இதுல வேற எங்கயாச்சும் பிழ இருக்கா?"

"இல்ல."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நோட்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

நான் பார்க்கவில்லை. ஒரு பக்கத்தைக்கூடத் திரும்பப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று ஏன் சொன்னேன்? அவள் கேட்ட கேள்விக்கு உடனே ஒரு பதில் இருக்க வேண்டும் போல் இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

ஜூலை 30, புதன்

மழை. கடைக்குப் போனேன், வந்தேன். அப்பா இன்னும் பேசவில்லை.

அவளுக்கு வாழ்த்துச் சொல்லி மெசேஜ் எழுதினேன். அழித்தேன். எழுதினேன். அழித்தேன்.

ஜூலை 31, வியாழன்

ஐந்தரைக்கே விழித்துவிட்டேன். பனி. வாசலில் ஒன்றும் தெரியவில்லை.

நோட்ஸின் முதல் கிறுக்கல் பிரதி, கடையிலிருந்து கொண்டுவந்த வீண் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியது, மெத்தைக்கு அடியில் கிடந்தது. எடுத்து முதல் பக்கத்திலிருந்து புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். செவ்வாயன்று பார்த்தேன் என்று சொன்னேனே, அதை இன்றைக்காவது உண்மையாக்கலாம் என்று.

நாலு விசை சரி. ஸ்டோல் சரி. திசைமானி சரி. பக்கம் 31, உயரமானி. நான் எழுதியிருப்பது: "நீ தரையிலிருந்து எத்தனை அடி மேலே இருக்கிறாய் என்று காட்டும்."

பிழை. புத்தகத்தில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து. முள் ஐயாயிரம் காட்டினால் கீழே ஐயாயிரம் அடி காற்று இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. எங்கள் தோட்டமே கடலிலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல், அதற்கு மேலே அந்த முள் ஐயாயிரம் காட்டும்போது கீழே விமானச் சக்கரத்துக்கும் தேயிலைக்கும் நடுவில் கொஞ்சம்தான் இருக்கும். நான் எழுதியதை நம்பினால் அவள் அதற்கும் கீழே இறங்குவாள். அவள் என்னை நம்பித்தான் இதுவரை எல்லாம் படித்திருக்கிறாள்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். என் நம்பர் என்பதால்தான் எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், பார்க்கவில்லை.

வகுப்பில் எப்படியும் சரியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். கப்டன் பார்த்துக்கொள்வார். நாளைக்குப் போன் பண்ணினால் போதும்.

பரீட்சைக்கு முதல் நாளும் இப்படியேதான் யோசித்தேன்.

போய்ச் சொன்னால் செவ்வாய்க்கிழமை நான் பார்க்கவே இல்லை என்பது தெரிந்துவிடும். பஸ் நிறைய ஆட்களுக்கு முன்னால், ஜன்னலுக்கு வெளியே நின்று கத்த வேண்டும். தெரியட்டும்.

மணி 6.48, பஸ் 7.10க்கு. பஸ் நிற்கும் சந்திக்குக் குறுக்கு வழியில் பதினைந்து நிமிடம், பனியில் இருபது. உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன் பார், மூதேவி. பக்கம் 31ஐத் திருத்தி, கிழித்துக்கொண்டேன். செருப்பு எங்கே